பசைக் கொப்புளம்

பள்ளி மாறுவேடப் போட்டிக்காக மகளுக்கு மைதாப் பசை காய்ச்சினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்ட கறுப்பு வெள்ளைப் பேய்ப்படத்தில் முகமெல்லாம் கொப்புளத்தோடு ஓர் அரக்கன் வந்தான். எனக்கு அவனாகவே ஆகிவிட ஆசை. பசையை உருட்டி முகத்தில் ஒட்டி, குங்குமம் தடவி, கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஷிப்டு முடிந்து வரும் அப்பாவைப் பயமுறுத்தக் கதவுக்குப் பின்னால் நின்றேன். முதலில் வந்ததோ பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா.

"ஐயோ, புள்ளைக்கு அம்மை போட்டுகீது!"

வாசலில் வேப்பிலை செருகிவிட்டுத்தான் அக்கா ஓய்ந்தாள். உண்மையைச் சொன்னால் முதுகுத் தோல் உரியும். பேசாமல் பாயில் படுத்துக்கொண்டேன்.

வேப்பிலையைப் பார்த்தபடி உள்ளே வந்த அப்பா, கரி படிந்த கைகளைக் கூப்பினார். "தாயே, கொயந்தைய காப்பாத்து."

அந்த நேரம் பார்த்து என் மூக்கிலிருந்த கொப்புளம் கழன்று விழுந்தது. அப்பா எடுத்து முகர்ந்தார்.

"இன்னாடி இது, போஸ்டர் ஒட்ற பசையா?"

அடி விழப்போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ அதை மறுபடியும் என் மூக்கிலேயே அழுத்தி ஒட்டினார். "எந்திரி, கஸ்தூரி ஊட்டுக்குப் போலாம்."

இன்று என் மகள் முகமெல்லாம் பசைக் கொப்புளத்தோடு கதவுக்குப் பின்னாலிருந்து தாத்தாவின்மேல் பாய்ந்தாள். அப்பா அசையவே இல்லை. கைகளைக் கூப்பி, "தாயே, மூக்குல ஒண்ணு கொறையுதே" என்றார்.