மலைப்பாதைக்கு ஒரு ஹீட்டர்

ஒர்க்‌ஷாப் தெருவில் அவனுக்கு வைத்த பெயர் ஊமை ஹாரன். பொருத்தியிருக்கும், அழுத்தினால் சத்தம் வராது. அண்ணனும் அவனும் சேர்ந்து நடத்துகிற கார் ஒர்க்‌ஷாப்பில் வாய் அண்ணனுடையது, கை இவனுடையது. அண்ணனுக்கு இடுப்புப் பிடிப்பு. வண்டிக்கு அடியில் படுக்க முடியாது. யாராவது வந்து எதையாவது கேட்டால் இவன் "ம்" என்பான். ரொம்பக் கேட்டால் அடியிலேயே படுத்துக்கொள்வான்.

மனைவி நர்ஸ். மலைமேல் உள்ள ஆஸ்பத்திரியில் வேலை. மாதம் ஒரு தடவை லீவில் வருவாள். வந்தால் அண்ணி ஒரு கையைப் பிடித்துக்கொள்வாள், அண்ணன் பிள்ளைகள் இன்னொரு கையை. கூட்டுக் குடும்பத்தில் இவனுக்குக் கிடைப்பது அடுப்படியிலிருந்து வரும் அவளுடைய சிரிப்புச் சத்தம்தான். அப்புறம் பஸ் ஏறிப் போய்விடுவாள். போன பிறகு வீட்டில் அவள் சோப்பு வாசனை கொஞ்ச நாள் இருக்கும். அதுவும் போய்விடும்.

இந்த மாதம் போனில் அவள் ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே குடியிருக்க வீடு தருகிறார்களாம். எடுத்துக்கொண்டால் அங்கேயே நிரந்தரம். வேண்டாமென்றால் கீழே மாற்றல் கேட்கலாம். கேட்டதிலிருந்து அவனுக்கு ஒரே நினைப்பு. வேண்டாம், வந்துவிடு என்று சொல்ல வேண்டும். போனில் அவனுக்கு வராது. வீட்டில் சொல்ல இடம் இல்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் அவனுக்குப் பேச்சு வரும். கண் ரோட்டில் இருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். அவனிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. ரெண்டே சீட்டு, துணிக் கூரை. யாரோ இனி ஓடாது என்று விட்டுப்போனதை அவன் ஓட வைத்தான். கல்யாணமான புதிதில் அவளிடம் பேசியதெல்லாம் அதில்தான். ஆனால் போன குளிர்காலத்தில் இஞ்சின் சுடுதண்ணீரை ஹீட்டருக்குக் கொண்டுபோகும் ஹோஸ் வெடித்து, கொதித்த தண்ணீர் அவள் காலில் கொட்டியது. அவன் ஹீட்டர் வால்வை மூடிவிட்டான். ஹீட்டர் இல்லாமல் அந்த மலையில் ஏறினால் கால் மரத்துப் போகும். அன்றிலிருந்து அவள் பஸ்தான்.

அவள் வருகிற வாரம், ஒர்க்‌ஷாப் லீவு நாளில், அவன் பானெட்டைத் தூக்கினான். ஹோஸ் இரண்டும் உப்பிக் கிடந்தன. அமுக்கினால் விரல் பதிந்த இடம் அப்படியே நின்றது. முறுக்கி இழுத்தால் ஹீட்டரின் செம்புக் குழாய் உடைந்துவிடும். அதனால் பிளேடால் நீளவாக்கில் கீறி, தோல் உரிப்பது மாதிரி உரித்தான்.

அண்ணன் டீ கிளாஸோடு வந்து நின்றான். "என்னடா, லீவு நாள்ல ஆபரேஷன்?"

"ஹோஸ் மாத்தறேன்."

"அடேங்கப்பா, ரெண்டு வார்த்தை! பொண்டாட்டி வர்றான்னதும் ஹாரன் அடிக்க ஆரம்பிச்சிருச்சே." குனிந்து பார்த்தான். "வால்வு இறுகிக் கெடக்கு பாரு. அதையும் மாத்து. இல்லைன்னா தெறந்தா மூடாது."

"மூடுறதுக்கா இவ்வளவு கஷ்டப்படறேன்?"

புது ஹோஸைச் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றினான். கிளிப்பை முறுக்கினான். முன் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி நிறுத்தி, ரேடியேட்டரில் குமிழி அடங்கும்வரை இஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினான். புது ஹோஸில் கை வைத்துப் பார்த்தான். சுட்டது. சிரித்துக்கொண்டான்.

அவள் திரும்பிப் போகிற நாள், காரில் ஏறவிடாமல் அண்ணி தடுத்துப் பார்த்தாள். "மறுபடி கால வேகவச்சுக்கப் போறியா?"

"இருக்கட்டும்க்கா. வாயத் தெறந்து கூப்பிடறாரே, அதிசயமா."

முதல் கொண்டை ஊசி வளைவில் அவன் ஹீட்டர் குமிழை இழுத்தான். வெதுவெதுப்பு அவள் காலடியில் பரவியது. "ஆஹா" என்று செருப்பைக் கழற்றிவிட்டாள். மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்திருந்ததை அவன் எடுத்தான்.

"இங்க பாரு, அந்த வீடு..."

திரும்பிப் பார்த்தான். அவள் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

குமிழைத் தள்ளினான். அசையவில்லை. அண்ணன் சொன்ன மாதிரியே வால்வு பிடித்துக்கொண்டது. உள்ளே செங்கல் சூளையாகக் காய்ந்தது. கண்ணாடியை இறக்கக் கை போனது. குளிர்காற்று பட்டால் விழித்துவிடுவாள். கையை எடுத்துக்கொண்டான். வேர்த்து ஊற்ற ஊற்ற ஓட்டினான். இவ்வளவு பக்கத்தில், யாரும் கூப்பிடாமல், அவள் முகத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று! எழுப்பினால் பேசலாம். எழுப்பாவிட்டால் பார்க்கலாம். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு முந்திப் போனான். ஆஸ்பத்திரி கேட் வந்தது. அவன் நிறுத்தவில்லை. ரோடு முடிகிற இடத்தில்தான் நிறுத்தினான்.

வண்டி நின்றதும் அவள் விழித்தாள். "எங்க வந்துட்டோம்?"

"ஆஸ்பத்திரியத் தாண்டி."

"எழுப்பக் கூடாதா? என்ன மனுஷன் நீங்க!"

நின்ற வண்டியில் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "அந்த வீடு வேணாம். கீழ வந்துடு. நீ இல்லாம முடியல."

அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

"சாவி வாங்கிட்டேங்க. கேட்டா வேணாம்பீங்கன்னு தெரியும். எனக்கு இந்த வேல, இந்த ஊரு, எல்லாம் பிடிச்சுப் போச்சு. கார்ல வச்சுச் சொல்லலாம்னுதான் ஏறினேன். இந்தச் சூட்டுல அசந்துட்டேன்." பிறகு மெதுவாக, "வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட் இருக்கு. வண்டி நிக்கும்."

"அண்ணன்?"

"தெரியும். விட்டுட்டு வாங்கன்னு சொல்லல. ஷெட் இருக்குன்னு சொன்னேன்."

வண்டியைத் திருப்பினான். வீட்டைக் காட்டினாள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஜன்னலில் இன்னும் திரை போடவில்லை. அவன் ஷெட்டுக்குள் காரை ஏற்றிப் பார்த்தான். கதவைத் திறந்து இறங்க இடம் இருந்தது. சுவரோரம் ஒரு மேஜை போடலாம். ஒரு ஆள் வேலை செய்யலாம். இரண்டு பேர் முடியாது. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டும் முன்னால் இறங்க வேண்டும். காரை வெளியே எடுத்து, கண்ணாடியை இறக்கினான்.

"அடுத்த மாசம் நீ பஸ் ஏறாத. நான் வர்றேன். வர்றப்ப டேப் கொண்டுவந்து ஷெட்டை அளக்கணும்."

"அளந்து?"

"அளந்து பாக்கறேன்," என்றான்.