சவரக்கத்தியும் மாமனாரின் தாடியும்

குயிலாப்பாளையத்தில் பழைய சாமான் விற்கும் கடையில் அந்தச் சவரக்கத்தியை வாங்கினேன். பிடிக்குள் மடங்கும் கத்தி. ஊரைக் காலி செய்துவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரின் பெட்டியில் கிடந்ததாகக் கடைக்காரர் சொன்னார். அலகு முழுக்கத் துரு. விழுப்புரத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் நான், அதுவரை வீட்டில் ஒரு குழாயைக்கூடக் கழற்றி மாட்டியதில்லை. கையால் எதையாவது சரிசெய்து பார்க்கவேண்டும் என்று மட்டும் இருந்தது.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. "இத்த எதுக்குங்க எடுத்துக்கினு வந்தீங்க? பாத்தாலே பயமா கீது" என்றாள்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துருவை எடுத்தேன். அங்கங்கே கறுப்புப் புள்ளிகள் போகவில்லை, விட்டுவிட்டேன். தீட்டுவதில்தான் தவறினேன். சாணைக்கல்லில் காய்கறிக் கத்தியைப் போலச் சாய்த்துப் பிடித்துத் தீட்டியதில் விளிம்பு மழுங்கியது. கையிலிருந்த முடியைக்கூட அது வெட்டவில்லை. முதுகும் விளிம்பும் ஒன்றாகக் கல்லில் படும்படி படுக்கவைத்துத்தான் இழுக்கவேண்டும் என்று பிறகு புரிந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கடைசியில் ஒரு பழைய தோல் பெல்ட்டில் இழுத்து, என் முகத்திலேயே போட்டுப் பார்த்தேன். முதல் சில முறை காயம்தான். பிறகு கை படிந்தது.

அந்தச் சமயத்தில் திண்டிவனத்தில் இருந்த மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. நான் கத்தோலிக்கன், அவர்கள் இந்துக்கள். எங்கள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. பேத்தி பிறந்ததும் எங்களை வீட்டுக்குள் விட்டார். என்னோடு மட்டும் பேசவில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். எனக்குச் சொல்லவேண்டியதை மகளிடம் சொல்வார். எனக்கும் அது பழகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்கு வலது கை எழவில்லை, வாய் கோணியிருந்தது. மச்சான் பிளாஸ்டிக் ரேசரால் மழிக்கப் பார்த்தான். நீண்ட முடியில் அது சிக்கி இழுத்தது. சலூன்காரரைக் கூப்பிடலாம் என்றதும் மாமனார் அழுதுவிட்டார். அந்த முகத்தை வெளியாள் பார்ப்பதை அவர் விரும்பவில்லை.

"நீங்க உங்க கத்தியால பண்ணி வுடுங்களேன்" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரயிலேறினோம். அவரை ஜன்னலோரம் சாய்ந்து உட்காரவைத்து, சூடான துண்டால் ஒற்றி, நுரை தடவினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கோணிய பக்கம் தோல் தொய்ந்திருந்தது. அதை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தியை மெதுவாக இறக்கினேன். தாடைக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. பஞ்சை அழுத்தினேன். அவர் அசையவில்லை.

மேலுதட்டுப் பக்கம் கத்தி போனதும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். போதும் என்கிறார் என்று நினைத்தேன்.

"மீ...சைய எடுக்காத."

மனைவியிடம் சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் சமையலறையில் இருந்தாள்.

"எடுக்கலங்க" என்றேன். அவர் கையை விட்டார்.

இப்போதும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போகிறேன். முடிந்ததும் தாடையைத் தடவிப் பார்த்து, விட்டுப்போன இடத்தை விரலால் காட்டுவார். "இங்க" என்பார். வேறு பேச்சு அதிகம் கிடையாது.