நூராவுக்குப் பொருந்தும் ஒருவர்

ரதிதேவி பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுகிறவள். வன்னியில் பிறந்தவள், இங்கே வந்து துனிசியாக்காரன் முனீரைக் கட்டினாள். கலியாணத்துக்கு வந்த ஒன்றுவிட்ட அண்ணன் குலசேகரம் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கை நனைக்காமலே போனார்.

இப்போது அவளுடைய ஒரே பிள்ளை நூராவுக்கு ரத்தப் புற்றுநோய். பொருந்தும் ஒருவரின் எலும்பு மஜ்ஜை வேண்டும். தாயும் தகப்பனும் பாதிதான் பொருந்துகிறார்கள். பொருத்தத்தை முடிவு செய்வது நோயை எதிர்க்கும் மரபணுக்கள்; அவை இனத்துக்கு இனம், அரபு மக்களுக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும் என்றார் டாக்டர். கொடையாளர் பதிவில் அவர்கள் குறைவு, தமிழர் அதைவிடக் குறைவு. இரண்டும் கலந்த ஒருவர் கிடைத்தால்தான் ஓரளவு நம்பிக்கை. முனீரின் சொந்தங்கள் கையை விரித்துவிட்டார்கள்.

பிள்ளையார் தேரன்று தெரு நிறையத் தமிழர். அப்படி ஒருவரைத் தெரியுமா என்று ரதிதேவி கேட்டவர்கள் எல்லோரும் "பாவம் பிள்ளை" என்றுவிட்டு நகர்ந்தார்கள். அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது? கடைசியில் குலசேகரத்தின் தண்ணீர்ப்பந்தலுக்கு வந்தாள். யார் வீட்டுப் பிள்ளை யாரைக் கட்டியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் மோர் ஊற்றிக் கொடுத்தார்.

"அண்ணை, எங்கடை ஆக்களிலை அரபுக்காரரைக் கட்டி, வளர்ந்த பிள்ளையளோடை ஆரும் இருக்கினமோ? நூராவுக்கு அப்பிடி ஒராள்தான் பொருந்தக்கூடுமாம்."

அவர் யோசிக்கவே இல்லை.

"ஒருத்தருமில்லை. அப்பிடிக் கட்ட வெளிக்கிட்டதுகள் இரண்டு மூண்டு இருந்தது. நாங்கள் விடேல்லை" என்றார், பெருமையாக.

ரதிதேவி மோரை வாயில் வைக்காமலே மேசையில் வைத்தாள்.

"விட்டிருக்கலாம், அண்ணை."