மாப்ளைக்கு வயிறு சரியில்லை

ராத்திரி ஊறப்போட்ட உளுந்தை விடியக்காலையில் அள்ளப் போனபோது கிரைண்டருக்குப் பக்கத்தில் கால் வழுக்கியது. லைட்டைப் போட்டுப் பார்த்தேன். காப்பித்தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியதுபோல் தரையில் ஏதோ கிடந்தது. எங்கள் வீட்டில் யாரும் காப்பி குடிப்பதில்லை. திரும்பினால், நாய் சுவரைப் பார்த்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டதற்கு வால் மட்டும் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. எழுந்து வரவில்லை.

கோரிப்பாளையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, சுற்றியுள்ள வீடுகளுக்கும் பெட்டிக்கடைகளுக்கும் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டியவர். உசிலம்பட்டிப் பக்கம் காய்கறி ஏற்றி மதுரைக்குக் கொண்டுவருவார். அப்படி ஒரு தடவை தக்காளிக் கூடைகளுக்கு நடுவே இந்த நாயும் குட்டியாக வந்து இறங்கியது. செவலை நிறம். ஒரு காது மடங்கியிருக்கும். இவர் அதற்குப் பேரே வைக்கவில்லை. "என்ன மாப்ள", "வாடா மாப்ள" என்று கூட்டாளியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். அதுவே நின்றுவிட்டது. வண்டியில் முன்சீட்டு அதற்குத்தான். நான் ஏறினால் இடம் விட மனசில்லாமல் என் மடியில் ஏறி உட்காரும்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை என்னைக் கூப்பிட வாயைத் திறப்பார். வேறு ஏதோ சத்தம் வரும். கண் கலங்கி மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். வீட்டுக்குக் கூட்டிவந்து கட்டிலில் கிடத்திய அன்றைக்கு, நாய் முன்னங்கால் இரண்டையும் கட்டில்மேல் வைத்து அவர் மூஞ்சியை மோந்து பார்த்தது. "மாப்ள" என்றார். அம்புட்டுத் தெளிவாக. நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். ஆனாலும் உள்ளே எங்கேயோ சுருக்கென்றது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் பேர் வரவில்லை, நாயைக் கூப்பிட வாய் வந்துவிட்டது.

பிறகு தண்ணி, வேணாம், போதும் என்று சில வார்த்தைகள் வந்தன. மற்றதெல்லாம் நாயோடுதான். பகல் முழுக்க இடது கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டு, அதன் தலையைத் தடவிக்கொண்டு என்னவோ முனகுவார். அவரை நடக்கவைக்க வேண்டுமென்றால் நாயை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவேன். அதைப் பார்த்துக்கொண்டே சுவரைப் பிடித்து அடியெடுத்து வைப்பார். நான் சொன்னால் வைக்கமாட்டார்.

அதனால்தான் அந்தக் காலையில் நாய் எழுந்து வராதது எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. ஆனாலும் மனசைத் தேற்றிக்கொண்டேன். சந்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் எலும்பு கிடக்கும். தின்றுவிட்டு, புல்லைக் கடித்து, கக்கிவிட்டு, மறுநாள் அதுபாட்டுக்குத் திரியும். மோரை நீர்க்கக் கரைத்துப் பெருங்காயம் போட்டு வைத்தேன். ரெண்டு நக்கு நக்கியது. கொஞ்ச நேரத்தில் அம்புட்டையும் கக்கியது. மத்தியானத்துக்குள் பின்பக்கமும் போக ஆரம்பித்தது. தார் மாதிரி கறுப்பு. அந்த நாற்றத்தை என்னால் சொல்ல முடியாது. கழுவிக் கழுவி விட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை.

இவருக்குத் துணி மாற்ற வேண்டும். தரையைக் கழுவ வேண்டும். கை கழுவிவிட்டு மாவைத் தொட வேண்டும். மாவைத் தொடும்போது மறுபடி பின்னால் அந்தச் சத்தம் கேட்கும், குடலே வெளியே வருகிற மாதிரி. ஓடுவேன். அதற்குள் இவர் கட்டிலில் எழ முயற்சிபண்ணிச் சரிந்து கிடப்பார். "மாப்ள, மாப்ள" என்று கூப்பிடுவார். நாய் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு மாவை அப்படியே வைத்து மூடிவிட்டேன். அந்தக் கையால் யாருக்கும் எதுவும் கொடுக்க மனசு வரவில்லை.

திருப்பூரில் இருக்கிற மகள் போன் செய்தாள்.

"நாய்க்காம்மா இம்புட்டு அலையிற? நீ அப்பாவப் பாரு. இதெல்லாம் தானா சரியாயிரும்."

"அப்பாவுக்காகத்தான்டி அலையிறேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

சாயங்காலம் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்து, வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. அப்போதுதான் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டு அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார். நாய் எச்சில் பட்டால் அவருக்குத் தொழுகைக்கு ஆகாது, துணி மாற்ற வேண்டும். தெரிந்தும் வேறு வழியில்லாமல் கேட்டேன்.

"அண்ணே, மனசு வச்சு..."

"என்னத்துக்கு இப்புடிக் கேக்குறே? சாக்க விரிச்சு அதுமேல படுக்க வை. நீயே புடிச்சுக்க. நான் போயிட்டு வந்து கழுவிக்கிறேன்" என்றார். அவர் வீட்டம்மா வந்து என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். வயிற்றை அமுக்கியதும் நாய் கத்தக்கூடச் செய்யாமல் என் முழங்கைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது.

"காப்பித்தூள் மாதிரின்னு சொன்னீங்கள்ல, அது ரத்தம்மா. இரைப்பைல கசியுது. வலி மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா? நொண்டுதுன்னோ, காய்ச்சல்னோ?"

"இல்லீங்க."

"எலி மருந்து?"

"எங்க வீட்ல வைக்கிறதில்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. முன்னங்காலில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். அது இறங்கி முடியும்வரை அந்தக் காலை நான் அசையாமல் பிடித்திருந்தேன். கக்குவது நிற்கும்வரை வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம், நாளைக்கு மறுபடி கொண்டுவாருங்கள் என்றார் டாக்டரம்மா. தேறுமா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார். அந்த வார்த்தையைப் போன வருஷமும் ஓர் ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு பிசைந்து ஊட்டினேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். நாயைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அது தின்னாமல் தான் தின்னமாட்டேன் என்கிறார் என்று புரிந்தது.

"அதுக்கு டாக்டர் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. உங்களுக்கு யாரும் சொல்லல. வாயத் தொறங்க."

திறக்கவில்லை. தட்டை எடுத்துத் தரையில் அடித்தேன். சோறு கட்டில் கால்வரை சிதறியது. "ரெண்டு பேரும் சேந்து என்னக் கொல்லுறீங்க. ஒரு நாளாச்சும் ஒரு வாய் நான் நிம்மதியாத் தின்னேனா?" என்று கத்தினேன். சந்து முழுக்கக் கேட்டிருக்கும். பிறகு நானே உட்கார்ந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினேன். அவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில்தான் அது தெரிந்தது. தண்ணீர் குடித்தால் அவருக்குப் புரையேறும். அதனால் மாத்திரையை வாழைப்பழத் துண்டுக்குள் வைத்து அழுத்தி, வாயில் வைத்துவிட்டு, கிரைண்டரைப் போடப் போவது என் வழக்கம். அன்றைக்கும் வாயில் வைத்தேன். கிரைண்டரை ஓடவிட்டேன். அரிசிச் சட்டியை மறந்துவிட்டு வந்ததால் திரும்ப உள்ளே போனேன். அவர் கன்னத்தில் ஒதுக்கிவைத்திருந்த பழத்தை விரலால் எடுத்து, இடது கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டார். நாய் அதை மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. துண்டு நழுவித் தரையில் விழுந்தது. உடைந்த பழத்துக்குள் மாத்திரை வெள்ளையாகத் தெரிந்தது.

கிரைண்டர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. போய் அதை நிறுத்திவிட்டு வந்தேன்.

"எம்புட்டு நாளா இது?"

அவர் விரலைப் போர்வையில் துடைத்துக்கொண்டார்.

"ஏங்க, உங்களத்தான். எம்புட்டு நாளாத் துப்புறீங்க?"

அவர் இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "போதும்" என்றார்.

சோறு போதும், தண்ணி போதும் என்று தினமும் கேட்கிற வார்த்தைதான். அன்றைக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதமும் நான் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டி, தூக்கி உட்காரவைத்துக் கொண்டிருந்த ஆள், ஒவ்வொரு காலையும் நான் முதுகைத் திருப்பியதும் போய்ச்சேருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர்மேல் கோபம் வந்ததா, பாவமாக இருந்ததா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"நீங்க குடுத்த மாத்திரைதாங்க அதோட வயித்தப் புண்ணாக்கியிருக்கு" என்றேன். "தெரியுமா உங்களுக்கு? அதான் ரத்தமாக் கக்குது."

அவர் தரையில் கிடந்த பழத்தைப் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அது நன்றாகத் தெரிந்தது. ஒரு பழத்துண்டு கொடுக்கிறோம் என்றுதான் நினைத்திருக்கிறார். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஓர் அழுகையை நான் அவரிடம் அதற்கு முன்னால் கேட்டதில்லை, அவர் அம்மா செத்த அன்றைக்குக்கூட. அவர் தலையைப் பிடித்து என் தோளில் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

நாயையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அண்ணன் ஆட்டோவில் மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குறதும்மா இது. தினமும் போனா நாய்க்கு இரைப்பை அரிச்சுரும். காரணம் தெரிஞ்சதே நல்லது. இன்னைக்கு முழுக்கக் கக்காம இருந்தா எனக்கு நம்பிக்கை வரும்." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டுக்காரர் இது இல்லாம இருந்திருக்காரே. அவர இன்னைக்கே அவரோட டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. நாய் இங்க இருக்கட்டும், நாங்க பாத்துக்கறோம்."

வெளியே வந்து மரத்தடியில் நின்று அழகர்கோவில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். யாருக்காகக் கும்பிடுகிறேன் என்று சாமிக்கே விளங்கியிருக்காது. நாய் போய்விட்டால் இவர் தன் கையாலேயே அதைக் கொன்றதாக நினைத்துக்கொண்டு மிச்சமிருக்கிற பிடிப்பையும் விட்டுவிடுவார். அதற்குள்ளேயே இவருக்கு இன்னொரு முறை பக்கவாதம் வந்துவிட்டால் என்ற பயம் வேறு. எந்தப் பயத்தை முதலில் படுவது என்று தெரியாமல் நின்றேன். பக்கத்து வீட்டு அண்ணன்தான், "ஏறும்மா, நின்னா வேலை நடக்காது" என்று ஆட்டோவைக் கிளப்பினார்.

இவருடைய டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். ஏன் கவனிக்கவில்லை என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு நாய் கக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன். எலும்பும் தோலுமாக, கோணிப்பை மாதிரி கிடந்தது. மறுநாள், தண்ணீரை ஸ்பூனால் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றார்கள். நான் கிண்ணத்தை எடுத்ததும் அவர் கையை நீட்டினார். கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, ஸ்பூனைக் கொடுத்தேன். பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது. மீதி நாயின் வாயோரத்தில் போனது. அது விழுங்கியது. அதற்குப் பிறகு கஞ்சித்தண்ணி, குழைந்த சோறு, உப்புப் போடாமல் வேகவைத்த கோழி. எல்லாம் அவர் கையால்தான். நடுவில் ஒருநாள் மறுபடி கறுப்பாகப் போனது. அன்றைக்கு நாங்கள் மூன்று பேருமே தின்னவில்லை.

பிறகு ஒரு காலையில் நாயோடு சந்து முனையில் நின்றுகொண்டு, "ஏங்க! கெட்டியாப் போயிருச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். உள்ளே வந்தால் அவர் கோணல் வாயால் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறேன், எது பொடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான். கொடுத்தபின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். நம்பிக்கை இல்லாமல்தான் உட்காருகிறேன், அது அவருக்கும் தெரியும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இன்னமும் போதும்னு தோணுதா உங்களுக்கு?"

ரொம்ப நேரம் வாயை அசைத்தார். வார்த்தை வரவில்லையா, யோசிக்கிறாரா என்று தெரியவில்லை. கடைசியில், "தெரியல" என்றார். நோய் வந்தபின் அவர் புதிதாகச் சொன்ன வார்த்தை அது.

"சரி, தெரியலன்னே வச்சுக்கங்க" என்றேன். "வாயத் தொறங்க."

திறந்தார்.