ஆளில்லாமல் மிதித்த சைக்கிள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் நான் ஃபிட்டர். என் பழைய சைக்கிளின் பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீல் தேய்ந்து, மிதித்தால் வழுக்க ஆரம்பித்தது.

"புது வண்டியா வாங்கிக்கினா இன்னா?" என்றாள் மனைவி.

நான் கேட்கவில்லை. ஃப்ரீவீலுக்கு வெல்டிங் வைத்து அசையாமல் செய்துவிட்டேன். அதன் பிறகு சக்கரம் ஓடும்வரை பெடலும் சுற்றும். காலைச் சும்மா வைத்திருக்க முடியாது.

மார்கழியில், விடிந்தும் பனி விலகாத ஒரு நாள். எளாவூர்ப் பக்கம் பாலத்துச் சரிவில் இறங்கும்போது வண்டி வேகம் பிடித்தது. பெடல் என் கால்களை இழுத்து இழுத்துச் சுழற்றியது. ஈரத்தில் பிரேக்கும் பிடிக்கவில்லை. கால் நழுவியதும் ஓரத்து மண்ணில் விழுந்துவிட்டேன். சைக்கிள் மட்டும் விழவில்லை. காலி சீட்டோடு, யாரோ மிதிப்பதுபோல் பெடல்கள் ஏறி இறங்க, நெடுஞ்சாலையை நோக்கிப் போய்ப் பனிக்குள் மறைந்தது. உடனே ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். சைக்கிள் நசுங்கிக் கிடந்தது. டிரைவர் லாரிக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

"நைனா, மிதிச்சுகினு வந்த ஆளு எங்க?"

"அது என் வண்டிண்ணே. நான் மேல, பாலத்துச் சரிவுலயே விழுந்துட்டேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீ இல்லப்பா. முண்டாசு கட்டினு இருந்தாரு. என்னத் திரும்பிப் பாத்தாரு."

இருவரும் லாரியைச் சுற்றித் தேடினோம். யாரும் இல்லை.

பனியில் அவருக்கு ஏற்பட்ட பிரமை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த வாரமே புது சைக்கிள் வாங்கினேன். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, சக்கரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே தினமும் ஏறுகிறேன். பனிக்காலக் காலைகளில் எனக்கு முன்னால் யாராவது மிதித்துக்கொண்டு போனால், அவரை நான் முந்துவதில்லை.