கியர் கம்பியில் தேய்ந்த இடம்

எழுபதுகளின் தொடக்கம். தவக்காலம் ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில், தொப்பூர் மலை இறக்கத்தில், நல்ல வெயில் நேரத்தில் நடந்தது இது. என் கணவரின் வருஷப் பூசைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அந்த நாட்களை நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு.

எங்களுக்குப் புளி வியாபாரம். பென்னாகரம், ஏரியூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய், மரம் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போதே காய்ப்பை மதிப்புப் போட்டுக் குத்தகை பேச வேண்டும். பிறகு உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்துச் சேலம் மண்டிக்கு அனுப்புவோம். இந்த அலைச்சலுக்காக என் கணவர் பழைய கார் ஒன்றை வாங்கினார். கம்பெனி பெயர் வேண்டாம். நான்கு கதவு, முன்னால் சோபா மாதிரி ஒரே நீள சீட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கியர் கம்பி. அந்தக் காலத்து ஆட்களுக்கு எந்த வண்டி என்று கண்டுபிடிக்க இது போதும்.

வாங்கிய அன்றே நான் சண்டை போட்டேன். இன்னொருவர் வேண்டாமென்று தள்ளிய வண்டி நமக்கு எதற்கு என்று கேட்டேன். ஒரு தடவை கேட்டு விடுகிற ரகமில்லை நான். பஞ்சர் ஆனாலும் "அன்னைக்கே சொன்னேன்" என்பேன், மழையில் கண்ணாடி ஒழுகினாலும் அதையே சொல்வேன். அவர் சிரித்துக்கொண்டு துணியால் துடைப்பார். வழியில் யார் கை காட்டினாலும் ஏற்றிக்கொள்வார். பின் சீட்டில் எப்போதும் யாராவது கோழியோடும் கூடையோடும் இருப்பார்கள்.

எனக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கோயில் மைதானத்திலும் ஊருக்குள் சமதளத்திலும் மட்டும்தான். இறக்கத்தில் ஓட்டக் கேட்டால் தரவே மாட்டார். பெண்பிள்ளை என்று நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று அதற்கும் ஒரு சண்டை.

மஞ்சள் காமாலையில் பத்தே நாளில் போய்விட்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை. கணவரின் தம்பி, "நீங்க நம்ம வூட்டுக்கு வந்துருங்க அண்ணி, வியாபாரத்த நான் பாத்துக்கறேன்" என்றார். கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வீட்டுப் பின்கட்டு அறையில் எனக்காக ஒரு கட்டில் போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு மூச்சு முட்டியது. லைசென்ஸ் எடுத்தேன். வெள்ளைப் புடவையோடு ஸ்டீயரிங் பிடித்து ஏரியூருக்குக் கிளம்பினேன்.

ஊர் வேடிக்கை பார்த்தது. அதை எதிர்பார்த்துத்தான் போனேன். எதிர்பார்க்காதது வேறு. கை காட்டுகிறவர்கள் நின்றுபோனார்கள். தெரிந்த முகங்கள்தான், அவர் இருந்தபோது இடித்துக்கொண்டு ஏறியவர்கள்தான். என் வண்டியைப் பார்த்ததும் பஸ்ஸுக்காகத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். காலையில் சாமி கும்பிட்டு வண்டி எடுக்கிற டிரைவர்கள் எதிரில் என்னைப் பார்த்தால் முகம் சுளித்தார்கள். அந்தப் பெரிய வண்டியில் நான் ஒருத்தியாகப் போய் ஒருத்தியாகத் திரும்பினேன். பல நாள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான், காலையிலிருந்து புளிக்காரர்களிடம் பேசியது தவிர யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நினைவு வரும்.

இது போதாதென்று வண்டியும் என்னோடு மல்லுக்கு நின்றது. பென்னாகரம் மேட்டில் இன்ஜின் கொதிக்கும், புகை விடும். அதையாவது தண்ணீர் ஊற்றிச் சமாளித்தேன். கியர்தான் ஆபத்தாக இருந்தது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மூன்றாவது கியர் 'டக்'கென்று துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும். வண்டி பிடிப்பில்லாமல் ஓடும்.

தருமபுரி மெக்கானிக்கிடம் நான்கு முறை போனேன். அவர் ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றுவார். சமதளத்தில் கியர் சாதுவாக நிற்கும். வேட்டியில் கையைத் துடைத்தபடி வந்து சொல்வார்:

"ஏனுங்கம்மா, அய்யா ஓட்டறப்ப ஒரு கம்ப்ளைண்டும் வந்ததில்லீங்களே. நீங்க கியர முழுசாப் போடறதில்லீங்க."

கம்பெனிக்கும் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, கோளாறுகளை ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன். ஒன்றரை மாதம் கழித்துத் தட்டச்சு செய்த பதில் வந்தது. அனுபவமுள்ள டிரைவரை வைத்து ஓட்டும்படி ஆலோசனை. அதை நான்காக மடித்து, ஆடுகிற மேஜையின் காலுக்கு அண்டக் கொடுத்தேன்.

கடைசியில் கொழுந்தனார் ஒரு முடிவு சொன்னார். சேலத்தில் பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டுவோம். வண்டியில் கோளாறு என்று சொன்னால் சரிசெய்து நானே வைத்துக்கொள்ளலாம். கோளாறு இல்லையென்றால், வருஷப் பூசை முடிந்ததும் வண்டியை அவர் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். வண்டி போனால் வியாபாரம் போகும், பிறகு அந்தப் பின்கட்டுக் கட்டில்தான். நான் சரி என்றேன்.

கிளம்புகிற காலையில் முன்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அவர் காரை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க முன்னால போங்க அண்ணி. நான் பஸ்ல வந்துடறனுங்க."

கதவை நானே சாத்திக்கொண்டேன். பின்னால் இரண்டு மூட்டைப் புளி மட்டும் துணைக்கு வந்தது.

தொப்பூர் இறக்கம் எனக்கு எப்போதுமே பிடிக்காது. அதற்குப் பழைய காரணம் ஒன்று இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் எனக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, இதே காரில்தான் என் கணவர் என்னைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இந்த இறக்கத்தில் வரும்போது வலி தாங்காமல் அவர் கையைப் பிடிக்க நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை. வலது கை ஸ்டீயரிங்கில், இடது கை கியர் கம்பியில், கண் சாலையில். "கையக் குடுங்க" என்று வாய்விட்டே கேட்டேன். "செத்த பொறுத்துக்க" என்றார், அவ்வளவுதான். குழந்தை தங்கவில்லை. அதற்காக அவரை நான் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. கையைக் கொடுக்காததை மட்டும் மன்னிக்கவில்லை. கல்நெஞ்சுக்காரர் என்று உள்ளே எழுதி வைத்துவிட்டேன். அவர் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் அது அழியாமல் இருந்தது.

அதையே நினைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி இறக்கத்தில் கியர் துள்ளியது.

திரும்பப் போட்டேன், 'கரகர'வென்று பல் அரைத்ததே தவிர விழவில்லை. பிரேக்கை மிதித்தேன். முதலில் பிடித்தது, அடுத்த வளைவில் பாதிதான் பிடித்தது, பிறகு ரப்பர் எரிகிற வாடை மட்டும் வந்தது. வலப்பக்கம் பள்ளம். மாதாவே என்று கத்தினேனா, நினைத்தேனா தெரியாது. இடப்பக்கம் ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் கண்ணில் பட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடி அதில் கொண்டுபோய்ச் சொருகினேன். நெற்றி ஸ்டீயரிங்கில் இடித்தது. புளி மூட்டை உருண்டு முன் சீட்டின் முதுகில் மோதியது. பிறகு ஒரே அமைதி.

மேலே ஏறிக்கொண்டிருந்த லாரி ஒன்று நின்றது. கண்ணாடியில் சாமி படங்கள், புது மல்லிகைச் சரம். டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும், நெற்றி நிறையத் திருநீறு. என் வெள்ளைப் புடவையைப் பார்த்துவிட்டு ஏறிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் லாரிக்குக் கல் வைத்துவிட்டு ஓடி வந்தார். கேனிலிருந்து தண்ணீர் கொடுத்தார்.

"அடி பட்டிருச்சுங்களாம்மா? கூட யாருமில்லீங்களா?"

அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, ஒரு வருஷமாகச் சேர்ந்திருந்த கம்ப்ளைண்டையெல்லாம் அவரிடம் கொட்டினேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கியர் கம்பியை ஆட்டிப் பார்த்து, குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இதுக்கு முன்ன யாருங்கம்மா ஓட்டுனது?"

"எங்க வூட்டுக்காரருங்க. போன வருஷம் தவறிட்டாரு."

"மோதிரம் போட்ட கைங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். கம்பியின் அடிப்பக்கம் நான்கு விரல் அகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. அதில் ஒரு இடத்தில் மட்டும் மோதிரம் கீறிக் கீறிப் பள்ளம் விழுந்திருந்தது.

"இது துள்ளற கியருங்கம்மா. ரொம்ப நாளாத் துள்ளுது. அவரு இத இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேதான் எறக்கியிருக்காரு. கைய எடுத்தா வண்டி பள்ளத்துக்குத்தான் போவும்."

நான் அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

பிரேக் ஆறும்வரை காத்திருந்து, அவரே வண்டியைப் பின்னால் எடுத்து, அடிவாரம் வரை ஓட்டி வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வண்டியில் என்னோடு ஒரு மனிதர் உட்கார்ந்தது அன்றுதான். நான் அந்தப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்ததும் என் கணவர் போன பிறகு அன்றுதான். வலது கை ஸ்டீயரிங்கில், இடது கை கியர் கம்பியில், கண் சாலையில். ஒவ்வொரு வளைவிலும் கம்பி துள்ளப் பார்த்தது, முன்கை நரம்பு புடைத்து அதை அழுத்தியது. அன்று நான் நீட்டிய கை எங்கே போய்த் தொட்டிருக்கும் என்று என் இடத்திலிருந்தே பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

அடிவாரத்தில் அவர் இறங்கிக்கொண்டார். இறக்கம் வந்தால் கம்பியை விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, மேலே போகிற வேறொரு லாரியை நிறுத்தி ஏறிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

சேலத்தில் கொழுந்தனார் எனக்கு முன்பே வந்து ஒர்க்‌ஷாப் பெஞ்சில் காத்திருந்தார். பெரிய மெக்கானிக் கியர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவரிடம்தான் சொன்னார்.

"கியரப் பிடிச்சு நிறுத்துற ஸ்பிரிங் செத்துப்போச்சுங்க, பல்லும் தேஞ்சிருக்கு. இன்னைக்கு நேத்து வந்ததில்லீங்க, ஏழெட்டு வருஷமா இருக்கும். அம்மா மேல ஒரு தப்பும் இல்லீங்க."

கொழுந்தனார் என் நெற்றி வீக்கத்தைப் பார்த்தார். "வண்டி உங்ககிட்டயே இருக்கட்டுங்க அண்ணி" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மாதக்கணக்கில் போராடினேன். வந்தபோது சந்தோஷப்பட என்னால் முடியவில்லை.

ஏழெட்டு வருஷம். வாங்கிய கொஞ்ச நாளிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. சேலம் வராத வாரமே கிடையாது. திறந்து காட்டியிருந்தால் மூன்றே நாளில் சரியாகியிருக்கும். ஏன் காட்டவில்லை? மூன்று நாள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றால் வீட்டில் சொல்லியாக வேண்டும். சொன்னால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். நான் ஊரெல்லாம், கம்பெனி வரைக்கும் கம்ப்ளைண்ட் எழுதினேன். அவருடைய ஒரு கம்ப்ளைண்டைக் கேட்கிற காது வீட்டில் இல்லாமல் போயிற்று.

வருஷப் பூசை முடிந்த வாரம் ஏரியூர் இறக்கத்தில் வண்டியை இறக்கினேன். மூன்றாவது கியர் அசையாமல் நின்றது. வழியில் இப்போதும் யாரும் கை காட்டவில்லை. நானாக நிறுத்தி "வர்றீங்களா" என்று கேட்க ஆரம்பித்தேன். பலர் வேண்டாம் என்றார்கள், சிலர் ஏறினார்கள். யார் என்ன குறை சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பது என்று பழகிக்கொண்டேன், அதற்கே எனக்கு வெகுநாள் பிடித்தது.

அந்தக் காரை விற்றுப் பல வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் எந்த வண்டியில் மலை இறங்கினாலும் என் கை தானாகப் பக்கத்துச் சீட்டுக்குப் போகும். அன்று அவர் என் கையைப் பிடித்திருந்தால் நான் இன்று உயிரோடு இல்லை என்பதை அவரிடம் சொல்லி, ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றிருக்கிறது.