வெண்டெல் வீட்டு வாசல் விளக்கு

எங்கள் தெருவில் பிள்ளை பெற்றவர்கள் யாரும் வெண்டெல் ஹுர்காவிடமிருந்து தப்பியதில்லை. அக்டோபர் பிறந்தால் போதும், மனுஷன் வெள்ளியாய் மின்னுகிற டேப்புச் சுருளைக் கையில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிடுவார். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அத்தனை வருஷத்தில் தன் பஸ்ஸில் வந்த ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்பார். அதை நாங்கள் மறந்துவிடுவோமோ என்று அவருக்குப் பயம், அதனால் அடிக்கடி சொல்லுவார்.

"மந்திரவாதி வேஷமா? ரொம்ப நல்லாருக்கு. கறுப்புத் துணி கார்க்காரன் கண்ணுக்கு எப்பிடித் தெரியும்? திரும்பு." திரும்பினால் முதுகில் டேப்பு. அக்டோபர் கடைசியில் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகிற ஹாலோவீன் அன்றைக்கு எங்கள் வீட்டில் எடுத்த போட்டோக்களைப் பாருங்கள். பேய், பிசாசு, ராஜகுமாரி, ரத்தக்காட்டேரி, எல்லாமே ரோடு போட வந்த ஆட்கள் மாதிரிதான் இருக்கும்.

டேப்போடு விட்டாரா? சட்டமும் சொல்லுவார். "நாயை உள்ள கட்டுங்க. கடிச்சா கேஸ் உங்க மேலதான். படியில ஈர இலை கிடக்குது, கூட்டுங்க. நம்ம வாசல்ல விளக்குப் போட்டா என்ன அர்த்தம்? வாங்க, மிட்டாய் இருக்குன்னு அர்த்தம். கூப்பிட்டது நாமதானே? வந்தவன் விழுந்தா நாமதான் பொறுப்பு." இந்தக் கடைசி வரியை அவர் சொல்லாத வருஷமே கிடையாது. என் புருஷன் இருந்தவரைக்கும் வெண்டெல் தலை தெரிந்ததும் கொல்லைப்புறமாகப் போய்விடுவார்.

அவருடைய வீட்டு வாசலில் மட்டும் இருட்டே இருக்காது. படிக்கு ஒரு விளக்கு, கதவுக்கு ஒரு விளக்கு, புல்தரைக்கு ஒரு விளக்கு. பயமுறுத்துவதற்கென்று ஒரே ஒரு எலும்புக்கூடு. அதையும் யாரும் தடுக்கி விழக்கூடாது என்று சாய்வு நாற்காலியில் உட்கார்த்தி, கால் இரண்டிலும் டேப்பு ஒட்டி வைத்திருப்பார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளை குட்டி இல்லை. தெருவில் உள்ள பிள்ளைகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்.

அவர் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. எனக்கு அந்தப்பக்கம் டோரீன் மெக்கார்டில் வீடு. டோரீன் கடைத்தெருவில் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். காலையில் ஏறி நின்றால் சாயங்காலம் வரை நின்றபடியேதான் வேலை. கையைவிட வாய் வேகமாக ஓடும். வெண்டெல் தலையில் இருக்கிற நாலு முடியையும் மாதா மாதம் அவள்தான் வெட்டுவாள்.

அந்த வருஷம் ஹாலோவீனுக்கு முந்தின வாரம் வெண்டெல் முடி வெட்டிக்கொள்ள டோரீன் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடை நிறையப் பெண்கள், நானும் இருந்தேன். டோரீன் ஆரம்பித்தாள்.

"ஏன் வெண்டெல், உன் வாசலுக்கு வர்ற பேய்க்குக் கூலிங் கிளாஸ் நீ குடுப்பியா, இல்ல அதுவே கொண்டாந்துடணுமா?"

"வெளிச்சம் வேணும் டோரீன். பிள்ளைங்க நடமாடற எடம்."

"அது சரி. உன் எலும்புக்கூட்டப் பாத்தா எப்பிடி இருக்கு தெரியுமா? டாக்டர் கூப்பிடுவாருன்னு ஆஸ்பத்திரி வராந்தால உக்காந்து உக்காந்தே செத்துப்போன ஆளு மாதிரி இருக்கு. ஒரு வருஷமாவது யாரையாவது பயமுறுத்துய்யா!"

கடையே சிரித்தது. வெண்டெலும் சிரித்தார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

ஹாலோவீன் அன்று சாயங்காலம் தூறல். ஆறு மணிக்குத் தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதினதும் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். எட்டு மணிக்கு மறுபடி ஊதினால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட வேண்டும், எங்கள் ஊர் வழக்கம் அதுதான். நடுவில் ஒரு தரம் எட்டிப் பார்த்தேன். வெண்டெல் வாசல் இருட்டாகக் கிடந்தது. ஐயோ பாவம், பல்பு போய்விட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அப்புறம்தான் டோரீன் அலறின சத்தம் கேட்டது.

வெண்டெலுக்கு மிட்டாய் தீர்ந்துபோயிருக்கிறது. டோரீனுக்குப் போன் போட்டிருக்கிறார். அவள் தன் வீட்டில் மிச்சமிருந்த மிட்டாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். படியில் அலங்காரத்துக்கு வைத்த ஒரு பூசணிக்காய் இருந்தது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. தடுக்கி விழுந்ததில் கணுக்கால் நொறுங்கிவிட்டது. வெண்டெல் வீடாச்சே என்று இருட்டிலும் வாசலுக்கு வந்திருந்த பிள்ளைகள் இதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்துக் கை தட்டினார்கள். அந்த வருஷம் ஊரிலேயே பயங்கரமான வீடு எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

முதல் ஆபரேஷனில் தகடு வைத்தார்கள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் ஒழுங்காக நிற்க முடியும், இல்லையென்றால் கடையை மூடிவிட்டு உட்கார வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டோரீனுடைய இன்சூரன்ஸ்காரன், நீ விழுந்தது வேறொருத்தர் வீட்டில், அங்கே போய்க் கேள் என்றான். வெண்டெலுடைய வீட்டு இன்சூரன்ஸ்காரன், பல்பு போவதற்கு யார் என்ன செய்ய முடியும், எங்கள் ஆள் மேல் தப்பில்லை என்றான். இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

இதற்கு எங்கள் நாட்டில் ஒரே வழிதான். பக்கத்து வீட்டுக்காரர்மேல் கேஸ் போட வேண்டும். போட்டால் அவருடைய கம்பெனி வக்கீல் வைத்து வாதாடும். தப்பு நம்ம ஆள் மேல்தான் என்று ஆகிவிட்டால் பணம் கொடுக்கும். இந்த ஊரில் அத்தைமேல் கேஸ் போட்டவர்கள் உண்டு. போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டிலேயே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

ஆனால் டோரீன் மாட்டேன் என்றாள். "வெண்டெல் மேல கேஸா? என் புருஷன் சவப்பெட்டியத் தூக்கினவன் அவன். எனக்கு ஆபரேஷனே வேண்டாம் போ."

அதை விடுங்கள், அவளுக்கு வேறொரு கோபம் இருந்தது. காலை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து வெண்டெல் அவள் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷன், அதற்கப்புறம் ஒரு போன் இல்லை, ஒரு பூ இல்லை. எனக்கே வயிறு எரிந்தது. ஒரு நாள் என் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினார். திறந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு மனசாட்சி இருக்கா? ஒரு நடை போய்ப் பாக்கக் கூடாதா?"

"முடியாது லோயிஸ்."

"ஏன் முடியாது? உனக்குமா கால் ஒடிஞ்சிருக்கு?"

"முடியாதும்மா." ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீ அவகிட்ட ஒண்ணு சொல்லணும். என் மேல கேஸ் போடச் சொல்லு."

"என்னது?"

"கேஸ் போடச் சொல்லு. சீக்கிரம் போடச் சொல்லு. ரெண்டு வருஷம் தாண்டிப்போச்சுன்னா அப்புறம் போட முடியாது. அது அவளோட உரிமை."

முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வதக்கி ஒரு பாத்திரத்தில் வைத்திருந்தேன், டோரீனுக்கு. அதையும் எடுத்துக்கொண்டு, இந்தச் சேதியையும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் குடியிருந்தால் இதெல்லாம் நம் தலையில்தான் விழும்.

டோரீன் கேட்டாள். முகம் வெண்டெலின் காதைவிடச் சிவந்துவிட்டது.

"ஓஹோ! ஸாரின்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரல, கேஸ் போடுன்னு ஆள் அனுப்ப மட்டும் தெரியுதா? எகத்தாளம்! போடறேன். போட்டு அவன் வீட்டுக் கூரையப் பிரிக்கறேன் பாரு!"

மறுநாளே வக்கீலைப் பார்த்துவிட்டாள். சேதியைக் கொல்லைக் கதவில் சொன்னேன். வெண்டெல், "அப்பாடா" என்றார். எனக்கு இரண்டு பேரையும் சேர்த்து வைத்து அறைய வேண்டும்போல் இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க டோரீன் வீட்டு வழியில் விழுந்த பனியை வெண்டெல்தான் அள்ளினார். அள்ளிவிட்டுப் பேசாமல் போய்விடுவார். அவள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் திரையை இழுத்து விடுவாள்.

வசந்தத்தில் வாக்குமூலம் எடுக்கக் கூப்பிட்டார்கள். கோர்ட்டில் இல்லை, மாவட்டத் தலைநகரில் ஒரு வக்கீல் ஆபீஸில். நீண்ட மேஜை. ஒரு பக்கம் டோரீனும் அவளுடைய வக்கீல் மிஸ் டெல்காடோவும். சின்னப் பெண், சளி பிடித்திருந்தது. எதிர்ப்பக்கம் வெண்டெலும் கம்பெனி வக்கீலும். ஓரத்தில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்கிற அம்மாள். என்னையும் சாட்சியாக வரச் சொல்லியிருந்தார்கள். சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்கள். வாசல் இருட்டாக இருந்தது, பல்பு போயிருக்கும் என்று நினைத்தேன் என்றேன். கம்பெனி வக்கீல் என்னைப் பார்த்து அன்பாகப் புன்னகைத்தார். அப்புறம் யாரும் வெளியே போகச் சொல்லவில்லை, ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

வெண்டெல் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார். மிஸ் டெல்காடோ மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கு வாசல் விளக்கு ஏன் எரியல சார்?"

"நான் அணைச்சேன்."

கம்பெனி வக்கீல் நிமிர்ந்தார். "ஒரு சின்ன இடைவேளை விட்டுக்கலாமா?"

"கேள்வி பாதியில இருக்கு, முடியட்டும்" என்றாள் அந்தப் பெண். சளியைக் காணோம். "எப்பிடி அணைச்சீங்க?"

"எரியறப்ப சுவிட்சு மேல பாத்து இருந்துச்சு. கீழ தள்ளினேன்."

"அப்ப பல்பு போகல?"

"அந்தப் பல்பு இப்பவும் நல்லாத்தான் எரியுது."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"எல்லாரும் விளக்கு எரிஞ்சுதா எரியலயான்னுதான் கேட்டாங்க. எரியலன்னேன். பல்பு போச்சுன்னு அவங்களே எழுதிக்கிட்டாங்க. ஏன் எரியலன்னு இன்னிக்குத்தான் மொத மொதலா கேக்கறாங்க."

"சரி. ஏன் அணைச்சீங்க?"

வெண்டெல் டோரீனை ஒரு தடவை பார்த்தார். கடையில் நடந்த அந்தக் கேலியைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். டோரீனும் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சும்மாதான். பயமா இருக்கட்டும்னு தோணிச்சு."

"யாராவது சொன்னாங்களா?"

"அணைச்ச கை என்னோடது" என்றார் வெண்டெல்.

அடுத்து கம்பெனி வக்கீல் தன் முறைக்குக் கேட்டார். அவரும் சம்பளம் வாங்குகிறவர், பாவம். "மிஸ்டர் ஹுர்கா, உங்க ஊர்ல வாசல் விளக்கு அணைஞ்சிருந்தா, வராதீங்கன்னுதானே அர்த்தம்?"

"பிள்ளைங்களுக்கு அப்பிடி. டோரீன நான் போன் போட்டு வரச் சொன்னேன். கூப்பிட்டது நான்தானே."

வக்கீல் பேனாவை மூடிவிட்டார். வெண்டெல் மேஜைமேல் குனிந்தார். "டோரீன், நான்..."

"மிஸ்டர் ஹுர்கா! கேள்வி எதுவும் கேக்கப்படல" என்று தடுத்தார் அவருடைய வக்கீல்.

வெண்டெல் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார்.

கேஸ் என்னவாயிற்று என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு அதிலேயே நினைப்பு இருக்கும். கோர்ட்டுக்குப் போகவே இல்லை. அந்த ஒரு வாக்குமூலம் போதும் என்று கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டது. ஆபரேஷன் நடந்தது. டோரீன் இன்றைக்கும் கடையில் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? மிஸ் டெல்காடோவுக்கு வேறு கேஸ் இருந்தது. டோரீனை நீங்களே கூட்டிக்கொண்டு போய்விடுகிறீர்களா என்று என்னிடம் கேட்டாள். வெண்டெலும் என் காரில்தான் வந்திருந்தார். கேஸ் போட்டவளை முன்னால் உட்கார்த்தி, கேஸில் மாட்டினவரைப் பின்னால் உட்கார்த்தி வண்டியை எடுத்தேன். பாலம் தாண்டினதும் ரேடியோவைப் போட்டேன். டோரீன் அணைத்தாள்.

"ஸாரி டோரீன்" என்றார் வெண்டெல் பின்னாலிருந்து. "ஸாரி. எல்லாம் என்னாலதான். மன்னிச்சுக்க."

டோரீன் திரும்பவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"இத ஏன்யா அன்னிக்கே வந்து சொல்லல? படுக்கையில கெடந்து ஒவ்வொரு காரோட சத்தத்துக்கும் நீதான் வர்றியோன்னு காது குடுத்துக்கிட்டுக் கெடந்தேன்."

"சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. ஸாரி சொன்னா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரியாம். அப்புறம் அவங்க கைகழுவிட்டா உனக்கு ஒண்ணுமே கெடைக்காதாம். கேஸ்ல சத்தியம் வாங்கிக் கேட்டாத்தான் சொல்லலாமாம். உன்னப் போய்ப் பாக்கவும் கூடாதாம். சொல்லக் கூடாதுன்னு சொன்னதயும் சொல்லக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"கம்பெனிக்காரங்க."

"அவங்க எந்த ஊரு?"

வெண்டெல் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், கண்ணாடியில் பார்த்தேன்.

"தெரியல டோரீன். போன்லதான் பேசினாங்க."

"நான் உன் வீட்லேர்ந்து ரெண்டாவது வீடு, வெண்டெல்" என்றாள் டோரீன்.